பெட்டிக்குள்ள பூனை, பெட்டிக்குள்ள சோறு

பி.எட். படிச்சவங்க யாராவது இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, உங்களுக்கு இந்தப் பூனையை ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். கல்வி உளவியல் புத்தகத்துல "முயன்று தவறிக் கற்றல்"னு ஒரு பாடம் வரும். பக்கத்துல ஒரு மரப்பெட்டி படம். உள்ளே ஒரு பூனை, வெளியே சாப்பாடு. கதவைத் திறக்க ஒரு கயிறோ தாழ்ப்பாளோ இருக்கும். பூனை பிறாண்டும், கடிக்கும், குதிக்கும், தற்செயலா தாழ்ப்பாள்ல கை பட்டு வெளியே வந்துடும். அடுத்தடுத்த தடவை சீக்கிரமா வரும். இதை எழுதினா மார்க் வரும், பூனையை அப்புறம் மறந்துடுவோம்.

இப்ப இன்னொரு பெட்டி. நாய், பூனை வளர்க்கிறவங்க வீட்டிலேயே செய்யறது. காலியான முட்டை அட்டைக்குள்ள நாய்த் தீனியைப் போட்டு மூடிக் கொடுக்கிறாங்க. பழைய துண்டுல தீனியைத் தூவிச் சுருட்டி வைக்கிறாங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல ஓட்டை போட்டு உருட்ட விடறாங்க. நாய் முகர்ந்து, தட்டி, கிழிச்சு, உள்ளே இருக்கிறதை எடுத்துச் சாப்பிடணும். ஆங்கிலத்துல இதுக்கு "என்ரிச்மென்ட்"னு பேரு. தமிழ்ல "வளமூட்டல்"னு சொல்லலாம், கொஞ்சம் விவசாய இலாகா சர்க்குலர் மாதிரி இருக்கும், பரவாயில்லை :-)

ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் பெட்டியில பூனை உள்ளே, சோறு வெளியே. ரெண்டாவதுல சோறு உள்ளே, பூனை வெளியே. அதே புதிர்தான், உள்ளது வெளியதா திருப்பிப் போட்டிருக்காங்க. இப்படித் திருப்பிப் போட மனுஷனுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் ஆச்சு. அந்த நூறு வருஷக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ வாங்கி வச்சுக்கிட்டு உக்காருங்க.

1898: பூனை உள்ளே

எட்வர்ட் தார்ண்டைக் 1874ல பிறந்த அமெரிக்கர். ஹார்வர்டுல படிக்கும்போது கோழிக்குஞ்சுகளை வச்சு சோதனை பண்ண ஆரம்பிச்சார். தங்கியிருந்த ரூம்ல கோழிக்குஞ்சு வளர்த்தா வீட்டுக்காரம்மா சும்மா விடுவாங்களா? விடலை. அவரோட பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், உளவியல்ல அந்தக் காலத்துப் பெரிய தலை, தன் வீட்டு நிலவறையிலே இடம் கொடுத்தார். ஜேம்ஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கா இருந்திருக்கும்.

அப்புறம் நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற பெட்டிகள். மரச் சட்டங்களை வச்சு கையாலேயே அடிச்சது, பார்க்க ஒண்ணும் அழகா இருக்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு விதமான திறப்பு: ஒண்ணுல கயிறை இழுக்கணும், ஒண்ணுல மரத்துண்டைத் திருப்பணும், இன்னொண்ணுல மூணு வேலை சேர்த்துப் பண்ணினாத்தான் கதவு திறக்கும். 1898ல இதை டாக்டர் பட்ட ஆய்வா வெளியிட்டார்.

அதுல எண்கள் இருக்கு. முதல் பெட்டியில ஒரு பூனை முதல் தடவை வெளியே வர 160 விநாடி. இருபது தடவைக்கு மேல போனப்புறம் 6, 7 விநாடி. நடுவுல எங்கேயும் "ஆஹா, புரிஞ்சு போச்சு!"ன்னு ஒரே அடியா நேரம் குறையலை. ஏறி இறங்கி, மெல்ல மெல்லத்தான் குறைஞ்சுது. அதனால பூனை யோசிக்கலை, பலன் கிடைச்ச அசைவு மட்டும் உடம்புல பதிஞ்சுதுன்னு அவர் முடிவு பண்ணினார். "விளைவு விதி"ன்னு நாம மனப்பாடம் பண்ணினது இதைத்தான்.

இந்தச் சோதனைக்கு ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, பூனை கடும் பசியில இருக்கணும். ரெண்டு, வெளியே போக வேற வழி இருக்கக் கூடாது. இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வேணும்.

மாண்ட்ரியல்ல இருந்து ஒரு எதிர்ப்பு

அடுத்த வருஷமே, 1899ல, ஒருத்தர் சண்டைக்கு வந்தார். கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி மில்ஸ். மருத்துவம் படிச்சவர், நாய் வளர்ப்பு பற்றிப் புத்தகம் எழுதினவர். மிருகங்களோட பழகிப் பழகித் தெரிஞ்சுக்கிட்ட ஆளு. அவரோட கேள்வி எளிமையானது. உயிரோட இருக்கிற ஒரு மனுஷனைச் சவப்பெட்டியில போட்டு மண்ணுக்குள்ள இறக்கிட்டு, அவன் உள்ளே உதைக்கிறதைப் பார்த்து மனித மனத்தோட இயல்பு இதுதான்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

தார்ண்டைக் விடாம பதில் சொன்னார். சண்டையில ஜெயிச்சது அவர்தான்னு வரலாறு சொல்லுது. ஏன்னா அவர்கிட்ட விநாடிக் கணக்கு இருந்தது, மில்ஸ்கிட்ட கதைகள்தான் இருந்தது. பெட்டி ஜெயிச்சுது. அதுக்கப்புறம் 1930கள்ல பி.எஃப். ஸ்கின்னர் வந்து எலிக்கு ஒரு பெட்டி செஞ்சார். நெம்புகோலை அழுத்தினா ஒரு தீனி உருண்டை விழும். எலி வெளியே வர வேண்டிய அவசியம்கூட இல்லை, சோறு உள்ளேயே வந்துடும்.

ஆனா மில்ஸ் கேட்ட கேள்வி சாகலை. குரங்குகளை ஆராய்ச்சி பண்ணின ராபர்ட் யெர்க்கிஸ் 1925ல எழுதின ஒரு புத்தகத்துல, கூண்டுல இருக்கிற குரங்குகளுக்கு விளையாடவும் வேலை செய்யவும் கருவிகள் கண்டுபிடிச்சு வைக்கணும், அதுதான் அதுங்க வாழ்க்கையை மேம்படுத்த நல்ல வழின்னு சொன்னார். கவனிங்க, "விளையாட" மட்டும் இல்லை, "வேலை செய்ய"ன்னும் சொல்றார். சும்மா உக்கார வச்சுச் சோறு போடறது போதாதுன்னு ஒரு விஞ்ஞானி சொன்னது அப்பவே.

அப்புறம் டொனால்ட் ஹெப். இவரும் பின்னாடி அதே மெக்கில் பல்கலைக்கழகத்துக்குத்தான் போனார், பூமி உருண்டைதான் போல. ஹெப் ஒரு காரியம் பண்ணினார். ஆய்வுக்கூட எலிக்குட்டிகள் சிலதை வீட்டுக்குக் கொண்டு போய் தன் ரெண்டு பெண் பிள்ளைகள்கிட்ட கொடுத்தார். அதுங்க வீடு பூரா ஓடி ஆடி செல்லப்பிராணியா வளர்ந்துச்சு. (வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு பதிவு ஏதும் இல்லை!) பெரிசானதும் கூண்டுல வளர்ந்த எலிகளோட சேர்த்துப் புதிர்ப்பாதைச் சோதனை வச்சார். வீட்டுல வளர்ந்த 7 எலிகளும் மொத்த மதிப்பெண் பட்டியல்ல மேல் மூணுல ஒரு பங்குக்குள்ள வந்துச்சு. 1947ல இதைச் சொன்னார், 1949ல தன் புத்தகத்துலயும் எழுதினார். சோதனை தொடரத் தொடர அந்த எலிகளோட முன்னிலை கூடிக்கிட்டே போச்சுங்கிறதுதான் முக்கியம். அதுங்க கத்துக்கவே கத்துக்கிட்டு வந்திருந்துச்சு.

1960கள்ல கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் குழுவினர் இன்னும் ஒரு படி போனாங்க. விளையாட்டுச் சாமானும் கூட்டாளிகளும் இருக்கிற கூண்டுல வளர்ந்த எலிகளோட மூளைப் புறணி, தனியா வெறுங்கூண்டுல வளர்ந்த எலிகளோடதை விட தடிமனா இருந்துச்சு. "வளமான சூழல்"ங்கிற பேச்சு விஞ்ஞானத்துல நிலைச்சது இப்போதான்.

உண்டியலும் ரக்கூனும்

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு. கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட்னு கணவன் மனைவி. ரெண்டு பேரும் ஸ்கின்னரோட மாணவர்கள். குரு சொல்லிக் கொடுத்ததை வச்சு மிருகங்களுக்கு வித்தை பழக்கி விளம்பரத்துக்கும் காட்சிக்கும் அனுப்புற தொழில் ஆரம்பிச்சாங்க. 38 வகை மிருகங்கள், 6,000க்கும் மேல பழக்கினாங்க. சாதாரண அனுபவமா?

அதுல ஒரு ரக்கூன். காசை எடுத்து உண்டியல்ல போடணும், போட்டா தீனி. ஒரு காசு வரைக்கும் சமாளிச்சுது. ரெண்டு காசு கொடுத்ததும் வந்துச்சு வினை. உண்டியல்ல போடாம ரெண்டையும் உள்ளங்கையில வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு, கருமி செட்டியார் கணக்குப் பார்க்கிற மாதிரி. போடற மாதிரி உண்டியலுக்குள்ள விட்டு, திரும்ப வெளியே எடுத்து, மறுபடியும் தேய்க்கும். காட்டுல அது இரையைத் தண்ணிக்குள்ள தடவித் தேய்க்கிற பழக்கம் அப்படியே வந்துடுச்சு.

பன்றி இன்னும் மோசம். மரக்காசைக் கவ்விக்கிட்டு வந்து உண்டியல்ல போடணும். முதல்ல ஓடி ஓடிப் போட்டுச்சு. சில வாரத்துல பாதி வழியிலேயே காசைக் கீழ போட்டு, மூக்கால கிளறி, தூக்கி எறிஞ்சு, மறுபடி கிளறி... ஒரு பன்றி 6 அடி தூரத்துக்கு 4 காசு கொண்டு போக 10 நிமிஷம் எடுத்துக்கிச்சு. பசி அதிகமானாலும் இந்தக் கிளறல் குறையலை, கூடத்தான் செஞ்சுது.

1961ல இதை ஒரு கட்டுரையா எழுதினாங்க. குருவோட புகழ்பெற்ற புத்தகத் தலைப்பைக் கொஞ்சம் கிண்டல் பண்ணித் தலைப்பு வேற. விஷயம் இதுதான்: தேடறது, கிளறறது, தேய்க்கிறது எல்லாம் சோறு கிடைக்கிறதுக்கான வழி மட்டும் இல்லை. அதுவே அந்த மிருகத்துக்கு உள்ளிருந்து வர ஒரு தேவை. சோத்தைத் தட்டுல போட்டுட்டா வயிறு நிறையும், அந்தத் தேவை அப்படியே மிச்சம் இருக்கும்.

இதை எங்க அபார்ட்மெண்ட்லயே பார்க்கலாம். ரெண்டாவது மாடி நாய்க்கு வேளா வேளைக்குச் சோறு, ஏசி ரூம், எல்லாம் உண்டு. கிண்ணத்துல போட்டது ரெண்டு நிமிஷத்துல காலி. மிச்ச நாள் பூரா அதுக்கு என்ன வேலை? செருப்பு, சோபா, கேட்டுக்கு அந்தப் பக்கம் போற கூரியர் பையன்.

ஓசிச் சோறு வேணாம்

1963ல கிளென் ஜென்சன்னு ஒருத்தர் 200 எலிகளை வச்சு ஒரு கேள்வி கேட்டார். நெம்புகோல் அழுத்திச் சாப்பிடப் பழகின எலி முன்னாடி அதே தீனியைக் கிண்ணத்துல ஓசியா வச்சா என்ன பண்ணும்? பொருளாதாரம் படிச்சவங்க சொல்ற பதில், கிண்ணத்துக்குப் போகும். நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் :-)

ஆனா பல எலிகள் கிண்ணம் பக்கத்துலயே இருந்தும் திரும்பத் திரும்ப அழுத்தப் போச்சு. முன்னாடி எவ்வளவு அதிகமா அழுத்திப் பழகியிருந்துச்சோ அவ்வளவு அதிகமா ஓசியை ஒதுக்கிச்சு. 1969ல ஆலன் நியூரிங்கர் எலிகள்லயும் புறாக்கள்லயும் இதே மாதிரி கண்டு எழுதினார். ஆங்கிலத்துல இதுக்கு ஒரு நீளமான பேரு இருக்கு. நாம "ஓசிச் சோறு மறுப்பு"ன்னு வச்சுக்குவோம்.

ஏன் இப்படி? பல விளக்கம் உண்டு. எனக்குப் பொருத்தமாப் படறது இயன் இங்லிஸ்னு ஒரு ஆய்வாளர் சொன்னது. கிண்ணத்துல என்ன இருக்குன்னு ஏற்கனவே தெரியும். தேடற இடத்துல என்ன இருக்குன்னு தெரியாது. தேடும்போது சோறும் கிடைக்குது, கூடவே "இங்கே இவ்வளவு கிடைக்கும்"ங்கிற தகவலும் கிடைக்குது. நாளைக்குக் கிண்ணம் காலியானா அந்தத் தகவல்தான் காப்பாத்தும். அவர் 1986ல மைனாக் குடும்பத்துப் பறவைகளை வச்சுக் காட்டினதும் இதுதான், பக்கத்துல ஓசித் தீனி இருக்கும்போதே அதுங்க தேடப் போச்சு.

இதுல ஒரு முக்கியமான விதிவிலக்கு. பசி கூடக் கூட இந்த மறுப்பு குறையும். வயிறு காய்ஞ்ச மிருகம் நேரா கிண்ணத்துக்குப் போகும். தார்ண்டைக்கோட முதல் நிபந்தனை ஞாபகம் இருக்கா? கடும் பசி. அந்தப் பெட்டியில பூனை புதிரை அவிழ்த்தது வேற வழியில்லாம. பசியை எடுத்துட்டா அதே வேலை விளையாட்டாயிடுது.

ஜூவுக்குப் போன பெட்டி

சுவிட்சர்லாந்துல ஹெய்னி ஹெடிகர்னு ஒரு விலங்கியல் அறிஞர். பெர்ன், பேசல், சூரிக்னு மூணு ஊர் மிருகக்காட்சி சாலைகளுக்கும் இயக்குநரா இருந்தவர். 1942ல ஜெர்மன் மொழியில எழுதின புத்தகம், 1950ல ஆங்கிலத்துல வந்துச்சு. கூண்டு எத்தனை சதுர அடிங்கிறதை விட உள்ளே செய்ய என்ன இருக்குங்கிறதுதான் முக்கியம்னு வாதாடினவர். காட்டுல மிருகத்தோட முழுநேர உத்தியோகமே எதிரிகிட்டேயிருந்து தப்பிக்கிறதும் இரை தேடறதும்தான். கூண்டுல ரெண்டும் கிடையாது. வேலை போன மனுஷன் மாதிரிதான் அது.

இதைக் கருவியா செஞ்சு காட்டினவர் ஹால் மார்க்கோவிட்ஸ். 1970களோட தொடக்கத்துல அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலை. அங்கே கிப்பன் குரங்குகள் சும்மா உக்காந்திருந்துச்சு. கூண்டோட ஒரு பக்கம் ஒரு விளக்கும் நெம்புகோலும், தூரத்துல மறு பக்கம் இன்னொண்ணும் வச்சார். விளக்கு எரிஞ்சா இங்கே இழுக்கணும், அப்புறம் தாவித் தாவி அந்தப் பக்கம் போய் அங்கே இழுக்கணும். அப்போ தீனி. கிப்பன் தாவுறதுக்குன்னே பிறந்த குரங்கு. அதுக்குத் தாவ ஒரு காரணம் கொடுத்தார், அவ்வளவுதான். 1982ல இதையெல்லாம் ஒரு புத்தகமா எழுதினார்.

உடனே எதிர்ப்பும் வந்துச்சு. சியாட்டில் மிருகக்காட்சி சாலையில இருந்த டேவிட் ஹேன்காக்ஸும் கூட்டாளிகளும், இது என்ன மிருகத்தை மெஷின் ஆபரேட்டர் ஆக்குறது, மரத்தையும் செடியையும் மண்ணையும் கொடுங்கன்னாங்க. நெம்புகோலா காடா? ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. காடு மாதிரி தெரியற கூண்டுலயும் செய்ய வேலை இல்லைன்னா மிருகம் சும்மாதான் கிடக்கும். நெம்புகோல் இருந்தும் ஒதுங்க ஒரு மறைவு இல்லைன்னா அதுவும் நரகம்தான்.

இந்தச் சண்டைக்கு நடுவுல ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்துல ரொம்பச் சல்லிசான வழி ஒண்ணைச் சோதிச்சாங்க. தரையில மரச்சீவலைப் பரப்பி அதுல தானியத்தைத் தூவி விட்டாங்க. 8 வகைக் குரங்குகள். மின்சாரம் கிடையாது, மெஷின் கிடையாது. குரங்குகள் மணிக்கணக்கா கிளறித் தேடிச்சு, தங்களுக்குள்ள அடிச்சுக்கிறது குறைஞ்சுது. நாறிப் போயிடுமேன்னு பயந்த மரச்சீவலும் அப்படி ஆகலை, நாளாக நாளாக அதுல கிருமிகள் குறைஞ்சுதுன்னு கண்டாங்க. 1982ல வெளியான ஆய்வு. இன்னைக்கு நாய்க்காகத் துணிக்கீற்றுகளை முடிஞ்சு மோப்ப விரிப்புன்னு செய்யறாங்களே, அதுக்கு இதை ஒண்ணுவிட்ட பெரியப்பான்னே சொல்லலாம்.

1985ல அமெரிக்காவுல சட்டமே திருத்தினாங்க. ஆய்வுக்கூடக் குரங்குகளோட மனநலத்துக்கு ஏத்த சூழல் இருக்கணும், நாய்களுக்கு உடற்பயிற்சி இருக்கணும்னு. சோதனைச்சாலைகள்ல பிவிசி குழாய்ல ஓட்டை போட்டுக் கடலையை அடைக்கிற வேலை மும்முரமாச்சு. எந்த இடத்துல பெட்டி பிறந்துச்சோ அதே இடத்துக்கு உள்வெளியா திரும்பிப் போச்சு.

வீட்டுக்கு வந்த பெட்டி

வீட்டுக்கு வந்த கதையில விஞ்ஞானிகள் குறைவு, கை சும்மா இராத ஆளுங்க அதிகம்.

1970கள்ல அமெரிக்காவின் கொலராடோவுல ஜோ மார்க்கம்னு ஒருத்தர். போலீஸ் வேலையிலேயிருந்து ஓய்வு பெற்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் ஒண்ணு வச்சிருந்தார், பேரு ஃப்ரிட்ஸ். அது கல்லைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லைக் கெடுத்துக்கிச்சு. ஒருநாள் இவர் தன் ஃபோக்ஸ்வேகன் வேனை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கும்போது கழட்டிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை ஃப்ரிட்ஸ் எடுத்துக்கிட்டு விடவே இல்லை. அந்த வடிவத்துல இருந்து பிறந்ததுதான் "காங்"ங்கிற ரப்பர் பொம்மை. நடுவுல வெற்றிடம் இருந்ததால தீனியை அடைச்சுக் கொடுக்கிற பழக்கமும் சேர்ந்துக்கிச்சு.

1990களின் தொடக்கத்துல சுவீடன்ல நீனா ஒட்டோஸன்னு ஒரு அம்மா. குழந்தைகள் பிறந்ததும் தன் நாய்களுக்கு முன்ன மாதிரி நேரம் ஒதுக்க முடியலை. மனசு கேக்காம மரத்துல புதிர்ப்பலகை செஞ்சார்: மூடியை நகர்த்தினா, கட்டையைத் தூக்கினா கீழே தீனி. பின்னாடி அதுவே தொழிலாச்சு.

இந்த ரெண்டாவது கதை என்னைக் கொஞ்சம் உறுத்துது, மக்களே. அந்தம்மா மேல குறை சொல்லலை. ஆனா நம்மள்ல பல பேருக்கு இந்தப் பொம்மை நாயோட தேவைக்கா, நம்ம குற்ற உணர்ச்சிக்கா? பத்து மணி நேரம் பூட்டின வீட்டுல விட்டுட்டு, முட்டை அட்டையில தீனி போட்டு வச்சிட்டேன்னு நிம்மதியா ஆபீஸ் போகலாமா? அட்டை இருபது நிமிஷம் தாங்கும். மிச்சம் ஒன்பது மணி நாற்பது நிமிஷம்? நடையும் துணையும் இல்லாத இடத்துல பொம்மை மட்டும் இருந்தா, அது மரச்சீவல் போட்ட கூண்டுதான்.

பூனை சொன்ன பதில்

இதுவரைக்கும் படிச்சுட்டு, "ஆஹா, எல்லா ஜீவனும் உழைச்சுச் சாப்பிடத்தான் விரும்புது"ன்னு ஒரு நீதி கண்டுபிடிச்சிருந்தீங்கன்னா, பூனை அதை உடைக்கும். 1971லயே கோஃபர், கூல்சன்னு ரெண்டு பேர் பூனைகளுக்கு இதே தேர்வைக் கொடுத்தாங்க. பூனைகள் ஓசிக் கிண்ணத்துக்குத்தான் போச்சு. கட்டுரைத் தலைப்பிலேயே பூனையைச் சோம்பேறின்னு எழுதிட்டாங்க! 2021ல கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தோட மிகேல் டெல்காடோ குழு 17 வீட்டுப் பூனைகளை வச்சுப் பார்த்துச்சு. பக்கத்துல பக்கத்துல புதிரும் தட்டும். பெரும்பாலும் தட்டுதான். 2024ல வந்த ஒரு ஆய்வுல நாய்களும் புதிரைத் தனியா விரும்பலை, ஆனா அதுல முயற்சி பண்ணத் தயாராத்தான் இருந்துச்சு.

அப்போ இதெல்லாம் வீணா? இல்லைங்க. இதே டெல்காடோ உட்பட சிலர் 2016ல எழுதின கட்டுரையில புதிர்த் தீனியால எடை குறைஞ்ச பூனைகள், பயமும் முரட்டுத்தனமும் குறைஞ்ச பூனைகள்னு பல அனுபவங்களைத் தொகுத்திருக்காங்க. பூனை இயல்பா ஒரு நாளைக்குப் பல சின்னச் சின்ன வேட்டையாடி, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடற ஜாதி. ரெண்டு வேளை முழுச்சாப்பாடு அதோட வழக்கமே கிடையாது. தட்டும் புதிரும் பக்கத்துல இருந்தா தட்டுக்குப் போகும், புதிர் மட்டும் இருந்தா விளையாடவும் செய்யும். பாடம் என்னன்னா, பொதுவா "மிருகம்"னு எழுதாம, உங்க எதிர்ல உக்காந்திருக்கிற இந்தப் பூனையைப் பாருங்க. வெஸ்லி மில்ஸ் 1899ல சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

நம்ம வீட்டுல

காசு செலவில்லாம செய்யக் கூடியது சிலது:

பணியாரக் கல் எடுத்துக்குங்க (ஓரம் கட்டிப் போட்ட பழைய கல், வீட்டம்மா பெர்மிஷனோட). குழிகள்ல தீனி உருண்டை போட்டு, மேல டென்னிஸ் பந்தை வச்சு மூடுங்க. நாய் மூக்கால பந்தைத் தள்ளி எடுக்கும். வெளிநாட்டுல மஃபின் தட்டுல பண்ற அதே சமாச்சாரம்தான். நம்ம கல்லு கனமா இருக்கிறதால கவிழாது. பந்து நாய் வாய்க்குள்ள முழுசாப் போகாத அளவா இருக்கணும், கடிச்சுக் கிழிக்க ஆரம்பிச்சா எடுத்துடுங்க.

பழைய துண்டு. தீனியைத் தூவிச் சுருட்டி வைங்க. பழகினப்புறம் ஒரு தளர்வான முடிச்சு.

முட்டை அட்டை, காகித அட்டை மட்டும். கிழிக்கிறதுதான் சந்தோஷமே. ஆனா அட்டையையே முழுங்கற நாய்னா இது வேணாம்.

பூனைக்குச் சின்ன அட்டைப்பெட்டியில கை நுழையற அளவு ஓட்டைகள். உள்ளே தீனி, கையை விட்டுத் துழாவட்டும்.

சில விதிகள். இதுல வைக்கிற தீனி அன்றைய அளவுல இருந்து எடுத்ததா இருக்கணும், கூடுதலா இல்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவறதா இருந்தா டப்பாவுல சைலிட்டால்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது நாய்க்கு விஷம். ரெண்டு நாய் இருந்தா தனித்தனியா கொடுங்க, இல்லைன்னா மகாபாரதம். முதல் தடவை ரொம்ப எளிசா வைங்க. பக்கத்துலயே இருந்து கவனிங்க.

இதெல்லாத்துக்கும் மேல ரெண்டு விதி. பட்டினி போட்டுப் புதிர் கொடுக்காதீங்க. முடியலைன்னு விட்டுட்டுப் போனா, அந்தச் சோத்தை எடுத்துக் கிண்ணத்துல போட்டுடுங்க. "உழைச்சாத்தான் சோறு"ன்னு அங்கே நீதிபோதனை பண்ணாதீங்க.

ஏன்னா, பெட்டியை உள்வெளியா திருப்பினது மட்டும் போதாது. தார்ண்டைக் பெட்டிக்கும் உங்க முட்டை அட்டைக்கும் புதிர் ஒண்ணுதான், கிடைக்கிற பரிசும் ஒண்ணுதான். வித்தியாசம் அந்த ரெண்டு நிபந்தனையில இருக்கு: அங்கே பசி இருந்துச்சு, வெளியே போக வழி இல்லை. இங்கே பசி இல்லாம, வேணாம்னா எழுந்து போகிற வசதியும் இருந்தா அது விளையாட்டு. ரெண்டுல எது போனாலும், அட்டையில செஞ்சிருந்தாலும் அது பழைய பெட்டிதான்.

அடுத்த தடவை யாராவது பி.எட். பரீட்சைக்கு அந்தப் படத்தை வரைஞ்சு பாகங்களைக் குறிச்சா, கதவு, தாழ்ப்பாள், கயிறு, சோறுன்னு எழுதினப்புறம் உள்ளே இருக்கிற பூனையையும் ஒரு நிமிஷம் பாருங்க. அதுக்கு 160 விநாடி ஆச்சு. நமக்கு நூறு வருஷம்.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லை. உங்க செல்லத்துக்கு உடம்புல ஏதாவது கோளாறு இருந்தா, பணியாரக் கல்லை எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்குங்க. உங்க வீட்டுல வேற ஏதாவது செஞ்சு பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பூனை கண்டுக்கவே இல்லைன்னாலும் சொல்லுங்க, அதுவும் ஆய்வு முடிவுதான்!